விடிகாலை வேகம்

ஷெல்டன் எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். ஒரு டம்ளர் காபி போட்டான். குளித்தான். ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் வேகம் எடுக்கும். காபி ஆறிக்கொண்டிருந்தது.

சாந்தோம் கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு பிலோமினா அத்தை வந்தாள். அவன் மனைவி நோராவின் அம்மா. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கைப்பையிலிருந்து நோராவின் வருஷப் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு அட்டையை எடுத்து வைத்தாள். படம், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே ஒரு வரி காலி.

"கடைசியா அவ என்ன சொன்னான்னு அதுல போடணும் மாப்பிள. எங்க மாமனாருக்கு 'இயேசு மரி சூசை'ன்னு போட்டோம். நிஜத்துல அந்த மனுஷன் மோர் கேட்டாரு."

"ஞாபகம் இல்ல அத்தை."

"யாருக்கு, உனக்கா? மேல ஓடுற தண்ணி மோட்டார் சத்தத்த வச்சே பேரிங் போச்சுன்னு சொல்ற ஆளு நீ!"

வெயில் ஏறிவிட்டிருந்தது. ஃபேன் வேகம் எடுத்தது. அட்டை பறந்து கட்டிலடியில் போய் விழுந்தது. அத்தை எழுந்து போய் சுவரிலிருந்த ரெகுலேட்டரைத் திருகினாள். ஃபேன் திக்கித் திக்கிச் சுற்றியது.

"அதத் தொடாதீங்க அத்தை. அது எப்பவும் ஃபுல்லயே இருக்கணும். வேகத்த உள்ள இருக்கற போர்டு பாத்துக்கும்."

அந்த போர்டைச் செய்வதுதான் அடையாறில் அவனுக்கு வேலை. மோட்டாரில் காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறதென்று பார்த்து, அந்த நேரத்துக்கு வேண்டிய கரண்டை மட்டும் கொடுக்கும். பழைய ஃபேன் இழுப்பதில் பாதிகூட இழுக்காது. கேட்பவர்களுக்கெல்லாம் சலிக்காமல் விளக்குவான். இன்று அதையெல்லாம் சொல்லவில்லை.

"நோராவுக்கு விடிகாலையில குளிரும். தினம் நான் எழுந்து குறைப்பேன். அப்புறம் அதுவா குறையற மாதிரி போர்டுல ப்ரோக்ராம் எழுதிட்டேன்."

"எப்ப மாட்டினே இத?"

அவன் குனிந்து அட்டையை எடுத்தான். இறந்த நாளின்மேல் விரலை வைத்தான்.

"முந்தின நாள் ராத்திரி. அன்னைக்கு மட்டும் நான் எழுந்திருக்கல அத்தை."

நோராவுக்குத் தூக்கத்திலேயே மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். "நீங்க முழிச்சிருந்தாலும்..." என்று டாக்டர் ஆரம்பித்தபோது, கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டவன் அவன். அதற்குப் பிறகு யாரிடமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அத்தை ரெகுலேட்டரைப் பழையபடி முழுசாகத் திருப்பி வைத்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போன காபியை அவன் கையில் கொடுத்தாள்.

"குடி. நீ குறைக்க எழுந்தப்பல்லாம் அவ முழிச்சுக்கிட்டா இருந்தா? தூங்குற பொண்ணு தூங்குற மாதிரிதான் இருந்திருப்பா. உனக்கு என்னடா தெரிஞ்சிருக்கும்?"

அவன் குடித்தான்.

அத்தை பேனாவைத் திறந்தாள். "இப்ப சொல்லு. பூசைக்கு ஏத்த மாதிரி ஒண்ணும் வேணாம். அவ சொன்னத அப்படியே சொல்லு."

அந்த ராத்திரி, புது ஃபேனைப் போட்டுவிட்டு அவன் விளக்கை அணைத்ததும், போர்வைக்குள்ளிருந்து நோரா சொன்னாள்:

"இனிமே நீ எந்திரிக்க வேணாம் ஷெல்டு. அதுவே பாத்துக்கும். நல்லா தூங்கு."