சஹானாவில் ஓர் எருமை

நாற்பத்தி நாலு பேர் தலையை ஆட்டிவிட்டார்கள் என்பதற்காகத் தன் எருமையைப் படத்திலிருந்து தூக்கப் போகிறார்கள் என்று புரிந்ததும், அக்ஷதா கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்த வேகத்தில் பாதி டீ தயாரிப்பாளர் பிரசாத்தின் லேப்டாப் பக்கம் ஓடியது. துடைக்க அவள் கை நீளவில்லை. அவ்வளவு கோபம்.

மாதாப்பூரில், ஒரு ஸ்டுடியோவின் ஆறாவது மாடியில், மூன்று வருஷமாக ஒரு அனிமேஷன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. பேச்சே கிடையாது. முழுக்கக் கர்நாடக சங்கீதம், அதற்கு ஏற்ற சித்திரங்கள். ஆறு பகுதிகளில் ஐந்தாவது அக்ஷதாவுடையது. நாலே நிமிஷம். வீணையும் மிருதங்கமும் சஹானா ராகத்தில் போய்க்கொண்டிருக்கும். மாட்டுக்கொட்டகையிலிருந்து கழன்று வந்த ஒரு கிழட்டு எருமை, தான் முன்பு புரண்ட குட்டையைத் தேடிக்கொண்டு கச்சிபௌலியின் உயரமான கட்டடங்களுக்கு நடுவே நடக்கும். குட்டை இருந்த இடத்தில் புது அபார்ட்மெண்டுக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர். எருமை அதில் இறங்கிவிடும். கதை அவ்வளவுதான். இந்த நாலு நிமிஷத்துக்கு அவள் பதினாலு மாசம் உழைத்திருந்தாள்.

படத்தை வெளியிடுவதற்கு முன் அறுபது பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும், சங்கீதம் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது என்று பிரசாத் சொன்னார். அக்ஷதாதான் முந்திக்கொண்டு இரண்டு வேன் பிடித்து, செகந்திராபாத் தமிழர் இசை மன்றத்தையே அள்ளிக்கொண்டு வந்தாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரானவர்கள், அவர்கள் மனைவிமார், பாட்டு டீச்சர்கள். அவளுடைய அப்பா ஜெகநாதனும் அம்மா தங்கமும்கூட. இருட்டில் முகங்களைப் படம்பிடிக்கிற காமெராவை ஒரு கம்பெனி வந்து மாட்டிவிட்டுப் போனது. அந்தக் கம்பெனியின் ரிப்போர்ட் இன்று, சனிக்கிழமை காலை, வந்திருந்தது. ஐந்தாவது பகுதி முழுக்கச் சிவப்பு, அதாவது பிடிக்கவில்லை.

பிரசாத் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனார். "தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினவங்க நாற்பத்தி நாலு பேர். இது மறுப்பு. நாக்கால ‘ச்சு ச்சு’ன்னு சத்தம், இருநூத்திப் பன்னிரண்டு தடவை. இது எரிச்சல். தொடையில அடிச்சுக்கிட்டது, பொறுமை இல்லாதது. கண்ணை மூடிக்கிட்டது, ஏறக்குறைய எல்லாரும். அது தூக்கம். என்ன அக்ஷதா, இவ்வளவு பேருக்கா பிடிக்கல?"

பிரசாத் தெலுங்குக்காரர்தான். ஆனால் கச்சேரி என்றால் கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் கேட்கும் சத்தம் என்கிற அளவுக்குத்தான் அவருக்குப் பழக்கம்.

"சார், இந்த ரிப்போர்ட்டைக் குப்பையில போடுங்க" என்றாள் அக்ஷதா. "தலையை ஆட்டினா ‘ஆகா’ன்னு அர்த்தம். ‘ச்சு’ கொட்டினா, ஐயோ என்ன சுகம்னு அர்த்தம். தொடையில அடிக்கலை, தாளம் போடறாங்க. இதைக்கூடத் தெரியாதவன்கிட்டயா காமெராவைக் கொடுத்தீங்க? இதோ பாருங்க, ரெண்டாவது வரிசையில இருக்கிறது எங்கப்பா. கண்ணை மூடியிருக்காரா? விரலைப் பாருங்க. எண்ணிக்கிட்டு இருக்கார். தூங்கறவர் எண்ணுவாரா? அனுபவிக்கிறார் சார், அனுபவிக்கிறார்!"

பிரசாத் வீடியோவை நிறுத்தி ஜெகநாதனின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். முட்டாளாக இருந்திருந்தால் அன்றைக்கு அக்ஷதா ஜெயித்திருப்பாள்.

"சரி, ஒத்துக்கறேன். எல்லாரும் ரசிச்சிருக்காங்க" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு. அப்ப உன் படத்தை யார் பார்த்தது?"

தானே குழி வெட்டித் தானே விழுந்த எரிச்சலில் அக்ஷதாவின் முகம் காந்தியது.

"மியூசிக் அருமை. அது இருக்கட்டும். எருமையை எடுத்துட்டு, அந்த நாலு நிமிஷத்துல வேலை செஞ்சவங்க பேரை ஓட விடலாம். உன் பேரும் வரும்."

"என் பேரா? என் படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல என் பேரா?"

"கோபப்படாதே. அஞ்சு மணிக்கு எடிட்டிங் பூட்டறோம், அப்புறம் எதையும் மாத்த முடியாது. அதுக்குள்ள அந்த அறுபது பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் சீன்ல என்ன நடந்ததுன்னு முழுசாச் சொல்லட்டும். நான் கை வைக்க மாட்டேன்."

ஒரே ஒருத்தர்தானே என்று அவள் வீராப்பாகக் கிளம்பினாள். மெட்ரோவில் ஏறி நின்றபடியே முதல் போனை மன்றத்துச் செயலாளர் குணசேகரனுக்குப் போட்டாள்.

"அக்ஷதாவா! என்னம்மா சஹானா அது! அந்த வீணைக்காரர் ரிஷபத்துல வந்து நின்னாரு பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"மாமா, எருமை என்ன பண்ணிச்சு?"

"எந்த எருமை?"

"படத்துல வந்த எருமை."

"ஓ, படமா? நல்ல கலர்மா. நல்ல கலர்."

அமீர்பேட்டை வருவதற்குள் ஏழு பேர். மெட்டுகூடா ஸ்டேஷனில் இறங்குவதற்குள் பதினொன்று. மிருதங்கம் வாசிக்கிற சீனு, எந்த ஆவர்த்தனத்தில் எப்படித் தீர்மானம் விழுந்தது என்று வாயாலேயே சொல்லிக் காட்டினார். கண்ணைத் திறந்தால் கணக்குத் தப்பிவிடும் என்றார். பாட்டு டீச்சர் ரோஸ்லினுக்குக் கோபமே வந்துவிட்டது. "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு சஹானா கேக்க முடியுமாடி? நீயெல்லாம் என்கிட்ட மூணு வருஷம் கத்துக்கிட்டவளா?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். ஆனந்தகுமார் என்பவர் மட்டும் கொஞ்சம் பார்த்திருந்தார். ஆரம்பத்தில் கட்டடங்கள் வந்தன, அதில் தன் மருமகன் ஃப்ளாட் வாங்கிய கட்டடம் மாதிரி ஒன்று இருந்தது, அப்புறம் வீணை தொடங்கிவிட்டது என்றார்.

சங்கீதம் தெரிந்தவர்களைக் கூப்பிடு என்றபோது குதித்துக்கொண்டு போன தன்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது அக்ஷதாவுக்கு. தெரிந்தவர்களாம்! தெருவில் போகிற யாரையாவது பிடித்து உட்கார வைத்திருந்தால் வாயைப் பிளந்துகொண்டாவது பார்த்திருப்பான். வீட்டுப் படியேறும்போது மணி மூன்றரை. கூடத்தில் ஜெகநாதன் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் சீன்ல என்ன வந்தது?"

"அட்டகாசம் பாப்பா! அன்னிக்கே சொன்னேனே."

"என்ன வந்ததுன்னு கேட்டேன்."

ஜெகநாதன் மின்விசிறியைப் பார்த்தார். உதவி எதுவும் அங்கிருந்து வரவில்லை. "ஒரு யானை" என்றார். "மெதுவா, கம்பீரமா நடந்து வந்தது."

"எருமைப்பா!"

"சரி, அதான். கறுப்பா ஒண்ணு."

"பதினாலு மாசம்பா! ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல இல்லாம வரைஞ்சேன். ஆனந்தகுமார் மருமகன் ஃப்ளாட்டையாவது பார்த்திருக்கார். நாலு நிமிஷம் கண்ணைத் திறந்து வெச்சுக்க முடியலையா உங்களால?"

"எங்கிட்ட கத்தாதே. பாட்டு அவ்வளவு நல்லா இருந்தா நான் என்ன பண்றது? மட்டமான பாட்டாப் போட்டிருந்தா படத்தைப் பார்த்திருப்பேன். உன் தப்பு."

பெற்ற தகப்பனை அதற்கு மேல் திட்ட வழியில்லாமல், அவள் சோபாவில் உட்கார்ந்து மீதிப் பேருக்குப் போன் போட ஆரம்பித்தாள். முப்பதாவது ஆள் எடுக்கவே இல்லை. முப்பத்தொன்றாவது ஆள் வீணை வாசித்தவரின் போன் நம்பரைக் கேட்டார். நாலேகால் ஆகிவிட்டது.

தங்கம் பூண்டு உரித்த தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்த வீட்டில் சங்கீதம் என்பது ஜெகநாதனின் சொத்து. தங்கத்துக்கு அதில் பங்கு கிடையாது. அவளுக்கு ஞானம் இல்லை என்று கல்யாணமான முதல் வாரமே அவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கச்சேரிக்கு அவளும் போவாள், தண்ணீர் பாட்டிலும் போர்வையும் எடுத்துக்கொண்டு. திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை.

"இன்னும் எத்தனை பேருக்குப் போன் போடப் போறே?" என்றாள் தங்கம்.

"அம்மா, நக்கோ, வேண்டாம். சும்மா தொந்தரவு பண்ணாதே. இது பாட்டு சமாச்சாரம்."

"பாட்டா? எருமை என்ன பண்ணிச்சுன்னுதானே வர்றவன் போறவனையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கே?"

அக்ஷதா நிமிர்ந்து பார்த்தாள்.

"கொட்டகைக் கதவு சரியாச் சாத்தலை, வெளியே வந்துடுச்சு" என்றாள் தங்கம். நடந்து வந்து தட்டை டீப்பாய் மேல் ‘ணங்’கென்று வைத்தாள். "ரோட்டோரமா நடக்குது. கண்ணாடிக் கட்டடத்துல தன் மூஞ்சியைப் பார்த்துட்டு, வேற எருமைன்னு நெனச்சு நிக்குது. வாட்ச்மேன் கம்பை ஓங்கறான். அப்புறம் என்ன தோணிச்சோ, அவனே கேட்டைத் திறந்து விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறான். மூணாவது மாடியில துணி காயப்போடறவ எருமையைப் பார்த்து கையில இருந்த கிளிப்பைக் கீழே விட்டுடறா. பள்ளத்துல இறங்கி, மூக்கு வரைக்கும் முங்கி, காதை மட்டும் ஆட்டுது. போதுமா?"

துணி கிளிப் திரையில் வந்தது ஒரு விநாடிகூட இருக்காது. ஸ்டுடியோவிலேயே அதைக் கவனித்தவர் கிடையாது.

"அம்மா! ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டியா? முப்பது பேரைக் கேட்டே. மருமகன் ஃப்ளாட்டைப் பார்த்தவரைக்கூடக் கேட்டே. ரெண்டடி தள்ளி நிக்கறேன் நான். என்னைக் கேட்டியாடி?"

அக்ஷதாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தங்கம் அதோடு விடுவதாக இல்லை. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது இப்போதுதான் கிளம்பியது.

"இன்னொண்ணும் கேக்கறேன், பதில் சொல்லு. இடது காலை எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நின்னு, இடுப்பை அந்தப் பக்கம் தள்ளி, அப்புறம் கீழே பார்த்துக் காலை வைக்குதே அந்த எருமை. அது யார் நடை?"

இரண்டு மாசம் வரைந்து வரைந்து கிழித்துப் போட்ட பிறகு, ஒருநாள் காலையில் தானாகக் கையில் வந்த நடை அது. எங்கிருந்து வந்தது என்று அக்ஷதா யோசித்ததே இல்லை. இப்போது அம்மா சமையலறை வாசலிலிருந்து டீப்பாய்க்கு நடந்து வந்த அந்த நாலு தப்படி அவள் கண்ணில் நின்றது. இடது கால், ஒரு நிறுத்தம், இடுப்பு.

"அம்மா, சத்தியமா வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணலைன்னா? ரயில்வே பாலத்துல ஏறி இறங்கி உனக்கு ஸ்கூலுக்குச் சோறு கொண்டு வந்து வந்து தேஞ்சு போன முட்டி இது. அதைக் கொண்டு போய் எருமைக்கு மாட்டிட்டே! மன்றத்து ஆளுங்க அத்தனை பேர் நடுவுல உக்காந்து பார்க்கறேன். யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு உயிரே போச்சு. நல்லவேளை, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க."

"இனிமே யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கம்மா" என்றாள் அக்ஷதா. "அஞ்சு மணிக்கு அதை எடுத்துடப் போறாங்க. யாருமே பார்க்கலையாம். எருமைக்குப் பதிலா பேர் ஓடப் போகுது."

தங்கத்தின் குரல் தணிந்தது. அது இன்னும் மோசமான கோபம். வீட்டில் மற்ற இருவருக்கும் அது தெரியும்.

"எடுக்கறதா? என் நடையை எடுக்க அவன் யாரு? போனைப் போடு."

"அம்மா, அவர் பெரிய..."

"போடுடி."

மணி நாலே முக்கால். பிரசாத் எடுத்ததும் தங்கம் போனைப் பிடுங்கிக்கொண்டாள். காய்கறிச் சந்தையில் பேரம் பேசிப் பழகிய தெலுங்கில், "நான் அக்ஷதாவின் அம்மா. நான் பார்த்தேன்" என்று ஆரம்பித்தாள். கொட்டகைக் கதவு, கண்ணாடி, வாட்ச்மேன், கிளிப், தண்ணீர், காது, ஒன்றையும் விடவில்லை. நடுவில் பிரசாத் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "இருங்க, இன்னும் முடியலை" என்று அவரை அடக்கினாள். அந்த நடை எப்படி இருக்கும் என்று விளக்கியவள், அது யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. ஜெகநாதன் பேப்பரை மடியில் போட்டுவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்பீக்கரில் பிரசாத்தின் குரல் கேட்டது. "உங்களுக்குப் பிடிச்சிருந்ததா அம்மா?"

"துளிகூடப் பிடிக்கலை" என்றாள் தங்கம். "ஆனா முழுசாப் பார்த்தேன். நீங்க அதுல கை வைக்கக் கூடாது."

"சொன்னா சொன்னதுதான். வைக்கலை அம்மா" என்றார் பிரசாத்.

அக்ஷதா துள்ளி எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். தங்கம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே. என் கோபம் இன்னும் தீரலை. இனிமே எருமை வரையணும்னா உங்கப்பாவைப் பார்த்து வரை. அவர் எப்படியும் அதைப் பார்க்க மாட்டார்."