விரிசலுக்குள் பச்சை

வெள்ளையைப் போலத் திமிர் பிடித்த நிறம் உலகத்திலேயே கிடையாது. சிவப்பைக் கொண்டு வாருங்கள், அரை மணி நேரத்தில் சேர்த்துக் காட்டுகிறேன். நீலம், கறுப்பு, எதுவானாலும் சரி. வெள்ளை மட்டும் மாமியார் மாதிரி. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒரு குறை சொல்லும். இருபது வருஷமாக ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறேன். ஃபைபர் படகின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். அதில் அடிபட்டால் தோண்டி, நிரப்பி, மேலே அதே நிறத்தில் புதுத் தோல் போட வேண்டும். நான் போட்ட தோல் எது, பழைய தோல் எது என்று எவரும் கண்டுபிடித்ததில்லை, ஒரே ஒரு படகைத் தவிர. அந்த ஒன்றுதான் என்னை இந்தப் பாடு படுத்தியது.

வியாழக்கிழமை காலையில் என் தம்பி தன்னுடைய வெள்ளை மோட்டார் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். எல்லோரும் அவனைச் சின்னவன் என்பார்கள். முப்பது வயதாகியும் அது மாறவில்லை. அம்மா போகும்போது அவனுக்கு நாலு வயது. குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, அடித்ததற்கு அழுது வளர்த்தவள் நான். படகின் வலது விலாவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், நடுவில் ஆழமாக ஒரு விரிசல். துறையில் கட்டும்போது கட்டையில் இடித்துவிட்டதாகச் சொன்னான். திங்கட்கிழமை அவனுக்குப் பயணிகள் படகு ஓட்டும் லைசென்ஸ் பரீட்சை. சொந்தப் படகையும் பார்ப்பார்களாம். அதற்குள் முடித்துத் தர வேண்டும் என்றான்.

"யாருக்கும் தெரியக்கூடாதுக்கா. தடவிப் பார்த்தாலும் தெரியக்கூடாது."

கட்டையில் இடிக்கிற லட்சணத்தில் நீ ஊரையே ஏற்றிக்கொண்டு போகப் போகிறாயா என்று கிண்டல் செய்தேன். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்பவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

படகைக் கழுவப் போனால், ஏற்கெனவே பளிச்சென்று கழுவியிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கூடக் கழுவாதவன் என் தம்பி. சரி, புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று கிரைண்டரை எடுத்து விரிசலைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து என் கையுறையில் விழுந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சில்லின் விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பச்சை ஒட்டியிருந்தது.

பச்சை என்றால் இலைப் பச்சை இல்லை. நீலம் தூக்கலான பச்சை. அது இந்தத் தண்ணீரில் ஒரே ஒரு படகில்தான் உண்டு, ஏனென்றால் அதைத் தப்பாகக் கலந்தவள் நான். இரண்டு வருஷம் முன்பு பச்சைப் படகுக்காரர் தன் படகின் முனை உடைந்துவிட்டதென்று கொண்டு வந்தபோது எனக்குக் காய்ச்சல். வெயிலில் வைத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, பட்டறை ட்யூப்லைட்டிலேயே நிறம் சேர்த்துவிட்டேன். வெளியே தள்ளிப் பார்த்தால் கிளி உடம்பில் மயில் மூக்கு. திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவர் சிரித்துவிட்டு, இருக்கட்டும், என் படகு எது என்று தூரத்திலிருந்தே பிள்ளைகளுக்குத் தெரியும் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கரைப் பிள்ளைகளை இக்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அந்தப் படகில்தான் ஏற்றி வருவார். போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலைப் பனியில், பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பு முறிந்தது. ஏதோ ஒரு படகு இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்றார். யாரும் நம்பவில்லை. துடுப்பைப் பிடித்தபடியே தூங்கி, இடிந்த பாலத்துத் தூணில் மோதியிருப்பார் என்று பேச்சு கிளம்பியது. தூங்குகிறவர் படகில் இனிப் பிள்ளையை ஏற்ற மாட்டோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சை எனக்கு முதலில் கொண்டு வந்தவனே என் தம்பிதான். வயசாகிவிட்டது, அசந்திருப்பார் என்று அவன் சொல்ல, இருக்கும் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

சில்லைக் காலித் தீப்பெட்டியில் போட்டு மூடினேன். மனசு இருக்கிறதே, அதைவிடப் பெரிய வக்கீல் கிடையாது. வேறு பச்சைப் படகே இல்லையா என்றது. பழைய கீறலாக இருக்கும் என்றது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒன்றும் பார்க்காதவள் மாதிரி விரிசலை நிரப்பித் தேய்த்துவிட்டு, நிறம் சேர்க்க உட்கார்ந்தேன்.

முதலில் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெருகேற்ற வேண்டும். அப்போதுதான் அழுக்கும் வெளுப்பும் போய்ப் படகின் நிஜமான நிறம் தெரியும். பிறகு வெள்ளை ஜெல்கோட்டில் பல்குத்தும் குச்சி முனையால் மஞ்சள் ஒரு பொட்டு, கறுப்பு அரைப் பொட்டு. கலக்கி, இறுகுவதற்கு ஹார்ட்னர் விட்டு, படகின் மேலேயே ஒரு துளி வைத்து, காய்ந்த பிறகு வெயிலில் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறொன்று காட்டும். வெள்ளிக்கிழமை ஆறு துளி வைத்தேன். ஆறும் எனக்குப் பச்சையாகத் தெரிந்தன. சனிக்கிழமை ஏழு. அதுவும் அப்படியே. கண்ணைக் கழுவிக்கொண்டு பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றார் அந்த மகராசன்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். இரண்டும் வெள்ளைதான். யார் கண்ணில் எதை வைக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. பிறகு எங்கே நிறம் சேரும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பச்சைப் படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு கட்டைகள் மேல் படகு கவிழ்ந்து கிடந்தது. நான் போட்ட மயில் மூக்கு நொறுங்கி, அதில் வெள்ளைக் கோடுகள் இழுத்திருந்தன. குனிந்து சில்லின் பச்சையை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"சேருதா தங்கச்சி?"

பின்னால் அவர் நின்றிருந்தார். கை தூளிக்கட்டில் இருந்தது, சட்டை ஒரு தோளில் மட்டும் மாட்டியிருந்தது. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டது கூட எனக்கே கேட்கவில்லை. பத்தடியில் முகம் தெரியாமல் போகுமா என்றார். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று அவர் மேலேயே பாய்ந்தேன். பாயும் முறை எனக்கா இருந்தது?

"நீ வளர்த்த பையன். அவனா வந்து சொல்லுவான்னு பார்த்தேன். பன்னெண்டு நாள் ஆச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அடுப்பைப் பார்த்துப் பேசினாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூடி வேறு படகு அமர்த்தப் போகிறார்களாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் நனைந்ததில்லை, கடைசியில் தூங்குமூஞ்சி என்ற பட்டம்தான் மிச்சம் என்றாள். அவர் அவளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணில விழுந்ததும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ரெண்டு தரம். இன்ஜின் சத்தத்துல அவனுக்குக் கேட்டிருக்காது, பாவம்."

பாவம் என்றார். எலும்பு முறிந்தவர் சொல்கிறார். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். தெருவில் இறங்கியதும் அழுதுவிட்டேன்.

மத்தியானம் பட்டறையில் பதினாலாவது துளி வைத்தேன். காய்ந்ததும் தேய்த்துவிட்டு வெயிலில் பார்த்தால் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு வெள்ளையை நான் அதுவரை சேர்த்ததில்லை. கிண்ணம் நிறையக் கலந்தேன். பூசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே ஹார்ட்னரையும் விட்டுவிட்டேன். விட்ட பிறகு கால் மணி நேரம்தான். அதற்குள் பூச வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் வந்து நின்றான்.

துளி வைத்த இடத்தைத் தேடினான். விரலால் தடவினான். கிடைக்கவில்லை என்றதும் பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். என் அக்கா கை மாயக் கை என்றான். நான் தீப்பெட்டியை நீட்டினேன். திறந்து பார்த்தவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

பிறகு மளமளவென்று பேசினான். பனி கண்ணை மறைத்ததாம். ஏதோ மிதக்கிற மரம் என்று நினைத்தானாம். ஆள் என்று தெரிந்திருந்தால் நிற்காமல் போவேனா என்றான். இதை இப்போது சொன்னால் லைசென்ஸ் போய்விடும், பரீட்சை முடியட்டும் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று தெரிந்தும், அந்தச் சோற்றை நான் இன்னும் ஒரு வாய் தின்னத் தயாராக இருந்தேன். மரம் என்று நினைத்திருப்பான். இருக்கலாம். நாலு வயதிலிருந்து பார்க்கிற முகம் அல்லவா?

"அவர் உன்மேல கோபப்படலைடா. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காதுன்னு அவரேதான் சொல்றார்."

அவன் தீப்பெட்டியை மூடினான். திரும்பத் திறந்தான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"கேட்டுச்சுக்கா."

சில்லைப் பார்த்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னான்.

"ரெண்டு தரம் கூப்பிட்டாரு."

எத்தனையோ தடவை அவனை அடித்திருக்கிறேன். அன்றைக்குக் கை எழவில்லை. கையில் இருந்த கிண்ணம் சூடாகிக்கொண்டு வந்தது, இறுகத் தொடங்கிவிட்டது. அதைத் தரையில் வைத்தேன்.

"எழுந்திரு. விடிஞ்சா பள்ளிக்கூடத்துல கூடிடுவாங்க. அதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் நீ சொல்லணும். நானும் வரேன்."

அவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் கிளம்பும்போது கிண்ணத்தில் வெள்ளை கல்லாகிவிட்டிருந்தது. படகு புதுத் தோல் போடாத தழும்போடு அப்படியே நின்றது.