மூன்றாம் மாடி, அறை எண் பதினொன்று

எங்கள் பெண்கள் விடுதியில், உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருந்தால், மிஞ்சியவரைத் தளவாடப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். போன வருடம் எங்கள் அறையிலிருந்த செங்கமலம் அப்படித்தான் பீரோ ஆனாள். முதல் வாரம் பேசினாள். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இப்போது அவள் கைகளில் எங்கள் துணிகள் தொங்குகின்றன.

அதன்பின் நான், ஜெசிந்தா, வான்மதி என மூன்று பேர் இருந்தோம். வியாழக்கிழமை காலை பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். அவரோடு வார்டன் ரோஸ்லின் அக்காவும் வந்தார். ஆய்வாளர் டேப்பால் அறையை அளந்தார். கடைசியில் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"புது விதிப்படி ரெண்டு பேருக்குத்தான் காத்து இருக்கு," என்றார்.

ரோஸ்லின் அக்கா பதிவேட்டைப் பிரித்தார். "யாரை எழுதுறது? நீங்களே பேசிச் சொல்லுங்கம்மா."

என் முழங்கால்கள் மடங்குகின்றனவா என்று ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை அம்மா போன் பண்ணுவாங்க சார். நான் எடுக்கணும்," என்றாள் ஜெசிந்தா.

ஆய்வாளர் தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வான்மதி ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி முடித்து வந்து, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். நான் அவள் கட்டிலைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான்.

"மேசை ஒன்று, நல்ல நிலையில்," என்று ஆய்வாளர் எழுதினார்.

அவர்கள் போனதும் வான்மதி விழித்தாள். "யாரு வந்தாங்கக்கா?"

"யாருமில்ல. நீ தூங்கு."

"கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் தண்ணி தாயேன்."

கொண்டுவந்தேன். வாங்கியவள் குடிக்க மறந்து, டம்ளரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கை துளியும் ஆடவில்லை. தண்ணீரும் ஆடவில்லை.

ஊருக்குப் போய்விடலாம் என்று பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வராந்தாவின் கோடியில் மாடிப்படி இல்லை. மூன்று மாடி ஆழத்துக்கு வெயில் விழுந்திருந்தது.

"மாடிப்படிக்கு அனுமதி பன்னெண்டு மணியோட முடிஞ்சுதுக்கா. இப்பதான் இறங்கிப் போச்சு," என்றாள் ஜெசிந்தா.

எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, அது பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடுவதற்குக் கை கழுவினேன்.