முதலாளி போட்ட கடைசி விடுகதை

எங்கள் அச்சக முதலாளி வாயைத் திறந்தால் விடுகதைதான். விடை தெரியாதவனை நாள் முழுக்கக் கிண்டலடித்தே கொன்றுவிடுவார். ஒருநாள், பூட்டு சிக்கிக்கொண்ட காகித அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "கதவு திறக்கலடா. உள்ள மூச்சு முட்டுது."

மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தோம்.

"முட்டைக்குள்ள குஞ்சு," என்றார் பைண்டர்.

உள்ளே தடதடவென்று தட்டும் சத்தம். தப்பான விடை போலிருக்கிறது.

"வாய்க்குள்ள நாக்கு," என்றேன் நான். சத்தம் பலத்தது.

"நான்தான்டா உள்ள, மடையனுங்களா."

"விடையை நீங்களே சொல்லிட்டா எப்படி முதலாளி?" என்று பைண்டர் கோபித்துக்கொண்டார்.

சத்தம் நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கதவை உடைத்தோம். வியர்வையில் ஊறிக் கிடந்தவர், "தண்ணி," என்றார். யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் தலைகுனிந்து நின்றபோதும், அந்தத் 'தண்ணி'க்கு என்ன விடையாக இருக்கும் என்றுதான் என் பாழாய்ப்போன மூளை யோசித்துக்கொண்டிருந்தது.