பேர் வெட்டின சொம்பு

தொண்ணூற்றெட்டில் என் கொழுந்தன் ஹரிஹரன் திருப்போரூரில் புதுவீடு கட்டிக் குடிபோனான். மகாபலிபுரத்தில் அவன் ஓட்டும் டூரிஸ்ட் காரில் ஊர் சுற்றிய ஜெர்மன்காரி இங்கிரிட்டும் கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்தாள்.

நான் கொடுத்தது கனமான எவர்சில்வர் சொம்பு. பாத்திரக்கடையிலேயே என் பேர் வெட்டி வாங்கியது. அவள் கொடுத்தது கண்ணாடி விளக்கு. எல்லார் முன்னாலும் உடனே பிரிக்கச் சொன்னாள். அவர்கள் ஊர் வழக்கமாம். அத்தனை பேரும் விளக்கையே பார்த்து வாயைப் பிளந்தார்கள். என் சொம்பைச் சீண்ட ஒரு நாதியில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனால், ஹரிஹரனின் பெண்டாட்டி வேண்டா, கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தாள். இங்கிரிட் அனுப்பியதாம். ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே ஒரு சொம்பு நிறையப் பூ. கிட்டே போனேன். சொம்பில் 'பூங்கொடி' என்று இருந்தது.

“இன்னாடி, நான் குடுத்த சொம்பு அங்க எப்டி போச்சு?”

“வெறுங்கையா எப்டிக்கா அனுப்பறது? கைக்கு அதான் கெடச்சுது.”

“அதுல என் பேரு கீதேடி!”

“யாரு பேருன்னு கேட்டாங்க. எம் பேருன்னு சொல்லிட்டேன்.”

போட்டோவைக் கழற்றித் திருப்பினேன். பின்னால் இங்கிலீஷில் 'பூங்கொடிக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது.

“எனக்கு வந்தது. நான் எடுத்துகினு போறேன்” என்றேன்.

இப்போது அது என் வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது. வேண்டா வந்தால் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.