மஹ்ரூஸாத் தீவில் பேசிய பேச்சு

ஃபெர்ஜானிக்குத் தன் மச்சான் ஷாத்லியைக் கண்டால் வயிற்றெரிச்சல். இதை நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. துனீசியாவின் கெர்கென்னாத் தீவுகளில் கடலுக்குப் போகிற அத்தனை பேருக்கும் அது தெரியும், ஷாத்லி ஒருவனைத் தவிர.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பேய்க்கணவாய் பிடிக்க இருவரும் ஒரே கயிற்றில் ஆளுக்குப் பத்து மண்பானைகளைக் கட்டி, ஒரே இடத்தில்தான் இறக்குவார்கள். மறுநாள் தூக்கிப் பார்த்தால் ஷாத்லியின் பானைகளில் கணவாய்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். ஃபெர்ஜானியின் பானைகளில் சேறு. போதாக்குறைக்குப் படகும் ஷாத்லியுடையது. ஃபெர்ஜானி அதில் பங்கு கூலிக்குப் போகிறவன். வீட்டுக்கு வந்தால் மனைவி தூஜா கூஸ்கூஸைத் தட்டில் அள்ளி வைத்தபடியே, "எங்கண்ணனுக்குக் கைராசிங்க. எல்லாருக்குமா அமையும்?" என்பாள். அவள் ஷாத்லியின் கூடப் பிறந்த தங்கை. அவளையும் ஃபெர்ஜானியேதான் தேடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

சொந்தமாக ஒரு படகு. ஃபெர்ஜானி கேட்டது அவ்வளவுதான். தன் படகில், தான் சுக்கான் பிடித்து, ஷாத்லியைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது.

அப்படியிருக்கையில் ஒருநாள் ஷாத்லியே வந்து நின்றான்.

"மாப்ள, மஹ்ரூஸாவுல தோண்டப் போறேன். நீயும் வா. கிடைக்கிறதுல பாதி உனக்கு."

மஹ்ரூஸா ஆள் இல்லாத தீவு. இரண்டு ஈச்சமரம், இடிந்த கோட்டைச் சுவர், ஒரு பாழ்கிணறு. கடற்கொள்ளைக்காரன் எவனோ ஸ்பானியத் தங்கத்தை அங்கே ஜாடியில் போட்டுப் புதைத்து, ஒரு ஜின் பூதத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜின் போட்ட நிபந்தனையும் தெரியும். முதல் மண்ணை வெட்டியதிலிருந்து ஜாடியைத் திறக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை பேசினால் போதும், தங்கமெல்லாம் கரியாகிவிடும். தாத்தாவோ மாமாவோ மஹ்ரூஸாவிலிருந்து கரியோடு திரும்பாத குடும்பம் ஊரில் இல்லை.

"அக்கரையில ஸ்ஃபாக்ஸ் டவுன்ல ஒரு ஷேக் ஓதிப் பார்த்து இடத்தைச் சொல்லிட்டாரு. கிணத்துலேர்ந்து கிழக்கால பதினோரு அடி" என்றான் ஷாத்லி.

"அதுக்கு ஏன் என்னக் கூப்பிடுற? உனக்கு ஆளா இல்ல?"

"இந்த ஊர்ல வாய மூடிட்டு இருக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே மாப்ள. காலைல படகுல ஏறுனா சாயங்காலம் வரைக்கும் ஒரு பேச்சு பேசமாட்டே. என்ன பொறுமை உனக்கு."

அது பொறுமை இல்லை, புகைச்சல். ஃபெர்ஜானி அதையும் சொல்லவில்லை. பாதி ஜாடியில் படகு என்ன, படகுத்துறையே வாங்கலாம். வருகிறேன் என்று தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே தொழுகைக்குக் குளித்துத் தயாராகிக்கொண்டிருந்தபோது இவர்கள் மஹ்ரூஸாவில் இறங்கினார்கள். ஷாத்லி பிஸ்மில்லாஹ் சொன்னான். அதோடு பேச்சு நின்றது.

ஃபெர்ஜானிதான் வெட்டினான். இடுப்பளவு வெட்டினான், மார்பளவு வெட்டினான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. ஷாத்லி மேலே நின்று மண்ணை இழுத்துப் போட்டான். வெயில் உச்சிக்கு ஏறியதும், போதும் நீ மேலே வா என்று கையைக் காட்டிவிட்டு அவன் குழிக்குள் இறங்கினான். நாலு போடு போட்டிருப்பான். ஐந்தாவதில் ணங்கென்றது.

சுண்ணாம்பு பூசி அடைத்த ஜாடி வாய் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

காலையிலிருந்து வெட்டியவன் ஒருவன், கண்டெடுத்தவன் இன்னொருவன். ஊர் என்ன சொல்லும்? ஷாத்லி புதையல் எடுத்தான், கூட ஃபெர்ஜானியும் போயிருந்தான் என்று சொல்லும். பாதியில் தான் ஒரு படகு வாங்கினால் மறுபாதியில் அவன் இரண்டு வாங்குவான். தூஜா கூஸ்கூஸை அள்ளி வைப்பாள். 'எங்கண்ணன் குடுத்தது' என்பாள். சாகும்வரை சொல்வாள். ஷாத்லி குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

"இதுவும் உனக்குத்தானா மச்சான்?" என்றான் ஃபெர்ஜானி.

வாய் தவறி வரவில்லை. தெரிந்தேதான் திறந்தான்.

ஷாத்லி குனிந்து ஜாடியைச் சுற்றியிருந்த மண்ணைத் தள்ளினான். பிறகு மண்வெட்டியால் ஜாடியைத் தட்டினான். உடைந்தது. உள்ளே கழுத்துவரை கரி.

திரும்பும் வழியில் பாதிக்கடல் வந்தபிறகுதான் ஷாத்லி கேட்டான்.

"வாய் தவறிடுச்சா மாப்ள?"

"தவறிடுச்சு."

"விடு. தூஜா கேட்டா உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. நான்தான் பேசிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

ஷாத்லி அப்படியே செய்தான். படகுத்துறைத் தேநீர்க்கடையில் கூட்டம் கூடிவிட்டது. "ஜாடியக் கண்டதும் தும்மல் வந்துருச்சு. தும்முனதும் வாய் பழக்கத்துல 'அல்ஹம்துலில்லாஹ்'ன்னுருச்சு. என்ன பண்றது?" என்று கையை விரித்தான்.

கடையிலிருந்த கிழவர் ஒருவர் எழுந்து வந்து ஷாத்லியின் நெற்றியில் முத்தமிட்டார். தங்கத்தின் முன்னால் நின்றும் இறைவனை மறக்காதவன் என்றார். இமாம் அடுத்த ஜும்மாவில் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னார். ஆளாளுக்கு அவனுக்குத் தேநீர் வாங்கித் தந்தார்கள்.

தங்கம்தான் போயிற்று என்றால், அதைத் தொலைத்த பெருமையும் அவனுக்கே போகிறதா? ஃபெர்ஜானி மேசையைத் தட்டினான்.

"பொய். பேசுனது நான். வேணும்னுதான் பேசுனேன்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்வையில் கோபம் இல்லை.

"பார்த்தீங்களா, மச்சானுக்காகப் பழியத் தன் தலைல போட்டுக்குறான்" என்றார் கிழவர். "எல்லாம் ஷாத்லியோட சேர்ந்த குணம்."

வீட்டில் தூஜா அவன் தட்டில் முதல்முறையாகக் கணவாயின் கொழுத்த காலாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். எங்கண்ணன் மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

சனிக்கிழமை காலையில் ஷாத்லியின் படகில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். ஷாத்லியின் பானைகளில் ஏழு கணவாய் இருந்தது. இவன் தன் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் சேற்றைக் கொட்டினான்.

"இப்பதான் பேசலாமே மாப்ள, ஏதாவது பேசேன்" என்றான் ஷாத்லி.

ஃபெர்ஜானி பானைகளைக் கழுவித் திரும்பக் கடலில் இறக்கினான். கரை வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.