தன் போனில் மட்டும் அழித்தது

பாலக்காட்டு வணிக நீதிமன்றத்தில் தங்கதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் பெரியப்பா குப்பண்ணன், சலவை வேட்டியில், ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முதலமடையில் தோப்பு அவருடையது, வியாபாரம் இவனுடையது. இளங்காய் என்று சொல்லி இரண்டு லாரி மாங்காயைத் திருப்பியனுப்பிய கொச்சி ஏற்றுமதிக் கம்பெனி மேல் இருவரும் சேர்ந்து போட்ட வழக்கு.

ஒரு காயை அறுத்து, கொட்டை முற்றியிருக்கிறதா என்று பாராமல் குப்பண்ணன் எந்த மரத்திலும் ஆளேற விடமாட்டார். கண் ஆபரேஷனுக்கு அவர் கோயமுத்தூர் போயிருந்த நான்கு நாளில்தான் இவனுக்குப் புத்தி கெட்டது. பருவத்தின் முதல் காய்க்கு விலை அப்படி! தோப்பையே மொட்டையடித்துவிட்டான். திரும்பி வந்தவரிடம், எல்லாம் முற்றிய காய்தான் என்று சாதித்தும்விட்டான்.

இந்தக் கோர்ட்டில் சாதகமோ பாதகமோ, கையிலுள்ள அத்தனை ஆதாரத்தையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாயிற்று என்று சத்தியக் கையெழுத்தும் போட வேண்டும். போட்டான், படுபாவி. தான் பேசி அனுப்பிய ஒரு குரல்பதிவை மட்டும் தன் போனில் அழித்துவிட்டுப் போட்டான். காய் பறிக்கும் மேஸ்திரி செங்கோட்டையன் போனில் அது பத்திரமாக இருக்கும் என்று தோன்றவேயில்லை. கம்பெனி வக்கீல் அதை வாங்கி வந்து எல்லோர் முன்னாலும் ஒலிக்கவிட்டார்.

“கொட்டை முத்துனா என்ன, முத்தாட்டி என்ன? எல்லாத்தையும் பறிச்சுப் போடு. பெரியப்பனுக்குத் தெரிய வேண்டாம். அந்தக் குருடன் வந்து மரத்தத் தடவிப் பாக்கவா போறான்?”

“இது யார் குரல்?” என்று கேட்டார் நீதிபதி.

குப்பண்ணன் எழுந்துவிட்டார். “அய்யா, இது எங்க தொரை இல்லீங்க. நாந் தூக்கி வளத்த பையனுங்க. அவன் கொரல் எனக்குத் தெரியாதுங்களா? என்னைய அப்பிடிப் பேசுவானுங்களா? எங்க வேண்ணாலும் சத்தியம் பண்றனுங்க.”

அப்படியானால் கூண்டில் ஏறிச் சொல்லட்டும் என்றார் கம்பெனி வக்கீல். பெரியப்பா நடந்தார். இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்குப் பிழைத்தாலும் பிழைக்கும். பொய்ச் சத்தியம் அவர் தலையில் விழும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

“என்ற கொரல்தானுங்க” என்றான் தங்கதுரை.

நீதிபதி கோபப்படவில்லை. ஆதாரத்தை ஒளித்ததற்காக, வழக்கு எப்படி முடிந்தாலும், கம்பெனியின் இதுவரையான கோர்ட் செலவு முழுவதையும் தங்கதுரை ஒருவனே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அது அவன் காதில் பாதிதான் விழுந்தது. பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவார், இத்தனை பேர் முன்னால் ஓர் அறையாவது விடுவார் என்று காத்திருந்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

குப்பண்ணன் இவன் பக்கம் திரும்பவேயில்லை. தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிபதியைக் கும்பிட்டார்.

“தெரியாம பொய் சொல்லிப்போட்டனுங்க அய்யா. மன்னிச்சுப்போடுங்க.”